சட்டைப் பையில் கிடந்த மாத்திரைகள்

துணி ஊற வைக்கும்போதுதான் என் மனைவிக்கு அது தெரிந்தது. என் வெள்ளைச் சட்டைப் பையின் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு கறை. விரலை விட்டுப் பார்த்தபோது பாதி கரைந்த மாத்திரைகள் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. ரோஸ் நிறம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த க்ளோபிடோக்ரல். வெள்ளையாக இருந்தது ஆஸ்பிரின். அவள் சத்தம் போடவில்லை. ஈரக் கையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எத்தன நாளாங்க?" என்று கேட்டாள்.

பத்து நாள் இருக்கும் என்றேன். உண்மையில் மூன்று வாரம். தினமும் காலையில் அவள் எதிரிலேயே அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவேன், தண்ணீர் குடிப்பேன், மாத்திரையைப் பைக்குள் நழுவ விடுவேன். வெளியே போகும்போது எங்காவது எறிந்துவிடுவேன். அன்றைக்கு எறிய மறந்துபோனது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். சாக வேண்டும் என்று திட்டம் எதுவும் போடவில்லை. இதையெல்லாம் விழுங்கி என்ன ஆகப் போகிறது என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான். அந்த நினைப்புக்கு மனச்சோர்வு என்று ஒரு பெயர் இருக்கிறது, அதற்கு வைத்தியம் இருக்கிறது, அது என் இதயத்தையே நேராகப் பாதிக்கிற விஷயம் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதால் செத்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மாரடைப்பு வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்ட். எனக்கு 49 வயது. கோவை கணபதி பக்கம் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காலை பதினோரு மணிக்கு மெஷின் முன்னால் நின்றிருந்தபோது நெஞ்சில் பாரம், தாடை வரைக்கும் வலி, சட்டை பிழிகிற அளவு வேர்வை. கேஸ் என்று நினைத்து சோடா குடித்தேன். என்னிடம் வேலை பார்க்கிற தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கேஸ் இல்லீங்ணா" என்று வண்டியில் ஏற்றினான். அன்றைக்கே ஆஞ்சியோ, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட், அதாவது சின்னக் கம்பிவலைக் குழாய். நாலாம் நாள் வீடு. பம்பிங், அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுகிற திறன், 45 சதவீதம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உறவுக்காரர்கள் ஆப்பிளும் ஆர்லிக்ஸுமாக வந்தார்கள். "மறுபிறவிங்க உங்களுக்கு" என்று எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அவர்கள் போனதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன்.

முதல் மாதம் அது இயல்பு என்று விட்டுவிட்டோம். இரண்டாவது மாதத்தில் சரியாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. விடிகாலை மூன்றரைக்கு முழிப்பு வரும், அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. இருட்டில் படுத்துக்கொண்டு நெஞ்சுத் துடிப்பை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு துடிப்பு தப்பின மாதிரி இருந்தால் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போகும். அரிசியும் பருப்பும் சாதம் என்றால் இரண்டு தட்டு சாப்பிடுகிற ஆள் நான், அதே சாதம் வாயில் மண் மாதிரி இருந்தது. மகள் காலேஜிலிருந்து போன் பண்ணினால் எடுக்க மாட்டேன். பட்டறைப் பக்கமே போகவில்லை. பக்கத்துச் சந்தில் யாரோ லேத் ஓட்டுகிற சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்லுவேன். முப்பது வருஷமாகச் சோறு போட்ட சத்தம் அது.

செக்கப்புக்குப் போனபோதெல்லாம் அசதியாக இருக்கிறது என்று சொன்னேன். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், பம்பிங் 50 ஆகியிருந்தது. "சூப்பரா இருக்கீங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார் இதய மருத்துவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர் என் இதயத்தை நன்றாகவே பார்த்தார். ஆனால் மூன்று செக்கப்பில் ஒரு தடவைகூட யாரும் என் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆம்பளை உட்கார்ந்து அழுகிறேன் என்று எப்படிச் சொல்வது என்று வெட்கம். அப்புறம், ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கும்போது நாம்தான் நடிக்கிறோமோ என்றுகூட எனக்கே சந்தேகம் வந்தது.

வீட்டில் எல்லோரும் சொன்னது "தைரியமா இருங்க". அதைச் சொன்னவர்கள் அத்தனை பேரும் என் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை எனக்கு, "உனக்குத் தைரியம் இல்லை" என்றுதான் காதில் விழுந்தது.

மாத்திரை விஷயம் தெரிந்த அன்றைக்கு மனைவி என்னைத் திட்டிக்கொண்டிருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள். அது அவள் செய்த மிகச் சரியான காரியம். ஸ்டென்ட் வைத்த முதல் வருஷத்தில் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரைகளை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி, இன்னொரு மாரடைப்பு வரலாம். முதல் மாரடைப்பைவிட அது மோசமாகவும் இருக்கலாம். இதைப் படிக்கிறவர்கள் யாராவது இப்படி மாத்திரையை விட்டிருந்தால் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று பயப்படாதீர்கள். என்னை யாரும் திட்டவில்லை.

அன்றைக்கு டூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ஈசிஜி பார்த்தார், ரத்தம் எடுத்தார், மாத்திரையை அங்கேயே கொடுத்து விழுங்க வைத்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டார். "சார், போன ரெண்டு வாரமா எந்த வேலையிலயும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருக்கா? மனசு சோர்ந்து, இனி என்ன இருக்குன்னு தோணுதா?"

எனக்குப் பதில் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒரு தாளைக் கொடுத்தார். மொத்தம் ஒன்பது கேள்விகள். தூக்கம், பசி, அசதி, கவனம், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்றார். எனக்கு 17. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறதா என்பது. "சில நாட்கள்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு யாராவது பூஜ்யத்துக்கு மேல் போட்டால் மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே பேச வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பேசினோம். அரை மணி நேரம் ஆனது. அடுத்த நாள் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

என் மகள் அப்போது பி.ஃபார்ம் மூன்றாம் வருஷம். விஷயம் தெரிந்ததும் லீவு போட்டு வந்துவிட்டாள். என் தலைமாட்டில் உட்கார்ந்து, படித்ததையெல்லாம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறதாம். 1993-இல் கனடாவின் மான்ட்ரியலில் நான்சி ஃப்ரேஷர் ஸ்மித் என்பவரும் அவருடைய குழுவும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாரடைப்பில் பிழைத்த 222 பேரை ஆறு மாதம் கவனித்ததில், மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இறக்கும் ஆபத்து நாலு மடங்குக்கு மேல் இருந்தது. இதயம் எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. "அப்பா, 2008-லயே அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன், இதய நோயாளிங்க கிட்ட இந்தக் கேள்வியெல்லாம் கேக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றாள். எனக்கு அதைக் கேட்டபோது கோபம் வந்தது. என் ஃபைல் ஒரு கிலோ எடை இருக்கும். அதில் ஒரு பக்கம்கூட இதைப் பற்றி இல்லை.

மனசுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மனநல மருத்துவரிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். மனச்சோர்வு இருக்கும்போது உடம்பில் கார்டிசோல் போன்ற அழுத்த ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கும், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், ரத்தக் குழாயில் அழற்சி கூடும். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சோர்ந்துபோனவன் நடக்க மாட்டான், சரியாகச் சாப்பிட மாட்டான், பீடி சிகரெட்டை விட மாட்டான், மாத்திரை போட மாட்டான். நான்காவதுக்கு நானே சாட்சி.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என் மனசில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. ஆரோக்கியமான இதயம் ஒரே சீராகத் துடிக்காதாம். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம் எடுக்கும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இருக்கிற நேரம் சின்னச் சின்னதாக மாறிக்கொண்டே இருக்கும். மனச்சோர்வில் இந்த ஏற்ற இறக்கம் குறைந்துபோகிறது. மெஷின்காரனுக்கு இது புது விஷயம். லேத் ஒரே சீராக ஓடினால்தான் நல்லது, சத்தம் மாறினால் பேரிங் போச்சு என்று அர்த்தம். இதயம் அப்படி இல்லை. ஆளுக்கு ஏற்ற மாதிரி, நேரத்துக்கு ஏற்ற மாதிரி வளைந்து கொடுக்கிற இதயம்தான் நல்ல இதயம். ராத்திரி மூன்றரை மணிக்குத் துடிப்பை எண்ணிக்கொண்டு, மாறினால் செத்துவிடுவேன் என்று பயந்தவனுக்கு இதைக் கேட்டதே பாதி வைத்தியம் மாதிரி இருந்தது.

இன்னொரு கேள்வியும் கேட்டார். "மாரடைப்புக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க?" யோசித்துப் பார்த்தேன். 2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றது. அதற்கப்புறம் இரும்பு விலை ஏறி, பழைய ரேட்டுக்கு வாங்கின ஆர்டரை நஷ்டத்தில் முடித்துக் கொடுத்தேன். இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தினேன், அதில் ஒருவர் என் அப்பா காலத்து ஆள். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, சிரிப்பு இல்லை. ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது. அப்படியென்றால் மாரடைப்பு வந்ததால் மட்டும் மனசு விழவில்லை. மனசு முதலிலேயே விழுந்துகிடந்தது. இது இரண்டு பக்கமும் போகிற பாதை என்றார் அவர். 2004-இல் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு, கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் நடந்தது. மாரடைப்புக்கான முக்கியமான ஒன்பது காரணங்களில் புகை, பிரஷர், சர்க்கரையோடு மன அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றையும் அது சேர்த்தே எண்ணியது. எனக்குச் சர்க்கரை கிடையாது, புகை கிடையாது. "எனக்கு எதுக்குங்க வந்துச்சு?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். முழுப் பதில் இதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பதில் கிடைத்தது.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன்.

முதலில் தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் பரிசோதித்தார்கள். அசதிக்கு அவையும் காரணமாக இருக்கலாம். எனக்கு எதுவும் இல்லை. அப்புறம் செர்ட்ராலின் என்ற மாத்திரை, 25 மில்லிகிராமில் தொடங்கி 50 ஆக்கினார்கள். மனநல மாத்திரை இதயத்தைக் கெடுக்குமோ என்று எங்கள் வீட்டில் பெரிய பயம். மகள் தேடிப் பார்த்தாள். மாரடைப்பு, நெஞ்சுவலி வந்து படுத்த 369 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இதே மாத்திரையும் மறுபகுதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வந்திருக்கிறது. இதயத்துக்குப் பாதகம் எதுவும் தெரியவில்லை. ஆனால் எல்லா மனநல மாத்திரையும் அப்படி இல்லை. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகளை மாரடைப்பு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அதனால் மனநல மருத்துவரிடம் போகும்போது இதய ஃபைலைக் கையோடு கொண்டு போங்கள். இதய மருத்துவரிடம் போகும்போது மனநல மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். மறைக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

செர்ட்ராலினும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சேரும்போது ரத்தக்கசிவு கொஞ்சம் கூடலாம். ஈறில் ரத்தம், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது இருந்தால் உடனே சொல்லச் சொன்னார். எங்கள் தொழிலில் முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது டீ குடிக்கிற மாதிரி. அதை அடியோடு விட்டேன். இதயத்துக்கும் கெடுதி, இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றுக்கும் ஆபத்து.

முதல் வாரம் குமட்டல். மூன்று வாரம் வரைக்கும் எந்த மாற்றமும் தெரியவில்லை. "இதுவும் வேலைக்காகல" என்று விடப் பார்த்தேன், மனைவி விடவில்லை. நாலாவது வாரத்தில் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு முழித்தேன். மூன்றரை இல்லை, ஐந்தரை. அதுதான் முதல் அடையாளம்.

மாத்திரை மட்டும் போதாது என்று வாரம் ஒரு தடவை பேச்சு வழி சிகிச்சைக்கும் போனேன். அங்கே எனக்குக் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் இது: பட்டறைக்குப் போய் ஷட்டரைத் திறந்து பத்து நிமிஷம் உட்கார வேண்டும். வேலை செய்யக் கூடாது. ஆசை வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தால் ஆசை வராது, போனால்தான் வரும் என்றார்கள். முதல் நாள் நாலு நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். இரண்டாவது வாரம் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். மூன்றாவது வாரம் தம்பி ஒரு பித்தளைத் துண்டைச் சக்கில் மாட்டி வைத்துவிட்டு, டீ வாங்கப் போகிறேன் என்று போனான். வேண்டுமென்றே போனான் என்று எனக்குத் தெரியும். டூலைத் தொட வைத்தேன். பித்தளைச் சுருள் மஞ்சளாக, பளபளவென்று கையில் வந்து விழுந்தது, கொஞ்சம் சூடாக. வெர்னியரில் அளந்தேன். அளவு தப்பவில்லை. கடைந்த அந்தப் பித்தளைத் துண்டை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

நடைப்பயிற்சி பத்து நிமிஷத்தில் தொடங்கி நாற்பது நிமிஷம் வரை வந்தது. இதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் கேட்டு வாங்கிச் சேருங்கள். நாம் கேட்காவிட்டால் பல இடத்தில் சொல்லவே மாட்டார்கள். எனக்கு அதில் உடம்பைவிட, கூட நடந்தவர்கள்தான் உதவினார்கள். என்னை மாதிரியே அடிபட்டு எழுந்த ஆட்கள்.

கூச்சப்பட்டு யாரும் எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். தாம்பத்தியம். மாரடைப்புக்கப்புறம் அதற்குப் பயம், மாத்திரையால் கொஞ்சம் ஆர்வக்குறைவு. நாலு மாதம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. டாக்டரிடம் கேட்டபோது, நெஞ்சுவலியோ மூச்சுவாங்கலோ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பயப்பட வேண்டியதில்லை என்றார். கேட்டது ஒரு நிமிஷம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பதற்காக நெஞ்சுவலி வந்தால் "இது மனசு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பயத்தில் வருகிற படபடப்பும் மாரடைப்பும் நமக்கு வித்தியாசம் தெரியாது. அதை ஆஸ்பத்திரியில் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் சொல்லட்டும். நான் இரண்டு தடவை ராத்திரியில் ஓடியிருக்கிறேன், இரண்டு தடவையும் ஒன்றும் இல்லை. வீணாகப் போனதாக நினைக்கவில்லை.

மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்தால் அடுத்த மாரடைப்பு வராது என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. 2003-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 2,500 பேரிடம் நடந்த என்ரிச்ட் ஆய்வில், சிகிச்சையால் மனசு தேறியது, ஆனால் இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை. மகள் இதை மறைக்காமல் சொன்னாள். எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. நான் மறுபடி சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுகிறேன், மகள் போனை எடுக்கிறேன், மாத்திரையை விழுங்குகிறேன். அதற்காகவே வைத்தியம் செய்துகொள்ளலாம்.

குணமான பிறகும் பல மாதம் மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். அப்புறம் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்கள். திடீரென்று நாமாக நிறுத்தக் கூடாது. செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு, மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களையும் யாராவது கேளுங்கள். அந்த ஒன்பது கேள்வித் தாளில் எனக்கு மதிப்பெண் 4 வந்த அன்றைக்கு அதே தாளை என் மனைவியிடம் கொடுத்தேன். அவளுக்கு 11. இத்தனை மாதம் ராத்திரி என் மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டே தூங்காமல் இருந்திருக்கிறாள். இப்போது அவளும் வைத்தியம் பார்க்கிறாள். துணி ஊற வைக்கும் முன் என் சட்டைப் பையில் விரல் விட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

போன மாதம் எங்கள் சந்தில் கிரைண்டிங் வேலை செய்கிற அண்ணன் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்கப் போனேன். கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து, கட்டில் பக்கம் உட்கார்ந்து அந்த இரண்டு கேள்வியையும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கமே இல்லடா தம்பி" என்றார். அவர் வீட்டு அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை அவருக்குச் செக்கப். நானும் கூடப் போகிறேன்.